ஒரே மருந்து, இருவகை ஈரல்

அச்சம் மேலிட்டால் 'ஈரக்குலை நடுங்குகிறது' என்கிறோம். உருதுக் கவிஞர்களோ காதலையும் துணிவையும் பாட ஜிகரை, அதாவது ஈரலை, அழைப்பர். கல்லீரலுக்கு இத்தனை பெருமை வந்தது காரணமின்றி அன்று. நாம் உண்ணும் உணவு ஈரலுக்குச் சென்று அங்கேதான் குருதியாக மாறுகிறது என்று கிரேக்க மருத்துவர் காலென் கருதினார். பேரறிஞர் இப்னு சீனாவும் தம் 'கானூன்' நூலில் அக்கொள்கையையே விரித்து எழுதினார். 1628இல் ஹார்வி குருதியோட்டத்தை மெய்ப்பித்தபின் ஈரல் அந்த அரியணையை இழந்தது. எனினும் அம்முன்னோர் முழுவதும் பிழைபட்டனர் என்று சொல்லிவிடலாகாது. உள்ளே வருவது ஈரலில் வேறொன்றாக மாறி வெளிவருகிறது என்ற அடிப்படை எண்ணம் சரியானதே. என்ன மாறுகிறது, எப்படி மாறுகிறது என்பதை அறியத்தான் பின்னும் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

அந்த ஆராய்ச்சியின் முதற்படி வேடிக்கையானது. 1842இல் ஜெர்மனியில் வேதியியலறிஞர் வோலரிடம் பயின்ற கெல்லர் என்பவர், பென்சாயிக் அமிலத்தைத் தாமே விழுங்கி, தம் சிறுநீரைத் தாமே சோதித்தார். விழுங்கிய பொருள் அதில் இல்லை. ஹிப்யூரிக் அமிலம் என்ற வேறொரு பொருள் இருந்தது. உடல் தனக்கு வேண்டாத ஒன்றோடு தன்னிடமுள்ள ஒன்றை ஒட்டவைத்து, நீரில் எளிதாகக் கரையும்படி செய்து வெளியேற்றிவிடுகிறது! மருந்தானாலும் நஞ்சானாலும் உடல் கையாளும் வழிகளில் இஃதொன்று. 1947இல் இங்கிலாந்தில் ஆர். டி. வில்லியம்ஸ் இத்தகைய மாற்றங்களையெல்லாம் தொகுத்து ஒரு நூலாக்கினார்.

இந்த மாற்றங்களைச் செய்யும் பணியாளர்களே நொதிகள். அவற்றுள் பேர்பெற்ற ஒரு குடும்பம் 1958இல் எலியின் ஈரலில் ஒரு நிறப்பொருளாகத் தென்பட்டது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தவுடன் அது 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சியது. ஜப்பானில் ஒமூரா, சாத்தோ என்னும் இருவர் 1962இல் அதற்கு 'சைட்டோகுரோம் பி-450' என்று பெயரிட்டனர். அப்பெயரே இன்றளவும் நிலைத்துவிட்டது. மருந்துகளைச் சிதைப்பதும், பூச்சிக்கொல்லி போன்ற நச்சுப்பொருள்களை மாற்றுவதும், கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக்கும் தொழிலைத் தொடங்கிவைப்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்த நொதிகளே. ஆனால், இங்கே நாம் சொல்ல வந்த கதை வேறொரு நொதியைப் பற்றியது. அக்கதையின் நல்ல பகுதி நம் சென்னையிலேயே நடந்தது.

காச நோயைப் பற்றி நம் வீடுகளில் எப்படிப் பேசினார்கள் என்பதை மூத்தவர்கள் அறிவர். நோயின் பெயரையே சொல்லமாட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால், பெண் கேட்டு வருவோர் நின்றுவிடுவர் என்ற அச்சம். 1952இல் ஐசோனியாசிட் என்ற மருந்து வந்தபோது, அந்த அச்சத்தின் மீது முதன்முதலாக ஓர் அடி விழுந்தது. அந்தப் பொருளை 1912இலேயே பிராகு நகரில் இரு வேதியியலாளர் உருவாக்கியிருந்தனர். அது காசக் கிருமியைக் கொல்லும் என்பதை அறியாமல் நாற்பதாண்டுகள் உலகம் அதைக் கிடப்பில் போட்டிருந்தது. அந்த நாற்பதாண்டுகளில் மாண்டவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்த முயற்சி அது. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தொடக்க ஆண்டுகளில் அதை வழிநடத்தினார். சானிடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றவர்களையும், குடிசையில் இருந்தபடியே மாத்திரை விழுங்கிய ஏழைகளையும் அம்மையம் ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்கவைத்தது. குடிசையில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தனர். சானிடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

இந்த வெற்றியைப் பலரும் எழுதியிருக்கின்றனர். அதே மையத்தில் நடந்த மற்றொன்றை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஐசோனியாசிட்டைக் கூடுதல் அளவில் உட்கொண்ட நோயாளிகளுள் சிலருக்குக் கால் மரத்தது. பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி. நுரையீரல் தேறிவருகிறது, காலோ தரையில் ஊன்ற முடியவில்லை! கூலி வேலைக்குச் சென்று பிழைக்கும் ஒருவருக்குக் கால் போனால் பிழைப்பே போனதாயிற்றே. ஆனால், அதே அளவு மருந்தை விழுங்கிய அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு குறையுமில்லை. இது ஏன்?

விடையின் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து முன்பே வந்திருந்தது. ஐசோனியாசிட்டோடு அசிட்டைல் என்ற சிறு துணுக்கை ஒட்டவைத்து அதைச் செயலிழக்கச் செய்வது ஈரல். இவ்வேலையைச் சிலருடைய ஈரல் விரைந்து செய்கிறது, சிலருடையது மெல்லச் செய்கிறது என்பதை ஹியூஸ் என்பவரும் தோழர்களும் 1950களின் தொடக்கத்தில் கண்டனர். விரைவோர் குருதியில் மருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். மெல்லியோர் குருதியில் அதற்கு மூன்று மணி நேரம் வரை ஆகும். இடைப்பட்டோர் குறைவு. மக்கள் இரு திரளாகப் பிரிந்து நின்றனர். 1960இல் எவான்ஸ் முதலியோர் குடும்பம் குடும்பமாகச் சோதித்து, இது பிறப்பில் வருவது என்று நாட்டினர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் கூறு வந்தால்தான் ஒருவர் மெல்லியோராகிறார்.

சென்னை மையத்தார் தம் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துச் சில மணி நேரம் கழித்துக் குருதியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தனர். 1961இல் கங்காதரம் முதலியோர் வெளியிட்ட முடிவின்படி தென்னிந்திய நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் மெல்லியோர். ஜப்பானியருள் இவர்கள் பத்தில் ஒருவர் அளவே. கால் எரிச்சல் மிகுதியாகத் தாக்கியதும் இந்த மெல்லியோரைத்தான். மருந்து உடலில் நெடுநேரம் தங்கி, பைரிடாக்சின் எனப்படும் பி6 வைட்டமினைப் பறித்துவிடுகிறது. அதனால் நரம்பு வாடுகிறது. அந்த வைட்டமினைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் எரிச்சல் வராது என்பதையும் அதே மையம் 1963இல் காட்டியது. இத்தனை பெரிய துன்பத்துக்கு எத்தனை சிறிய மாத்திரை!

அப்படியானால் விரைவோர் கொடுத்துவைத்தவர்களா? அதுவும் இல்லை. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையைச் சென்னையில் சோதித்தபோது, விரைவோரே குறைவாகக் குணமடைந்தனர். கிருமியைக் கொல்லுமுன் அவர்களின் ஈரல் மருந்தை அழித்துவிட்டது.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1970இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், முன்காப்பாக ஐசோனியாசிட் உட்கொண்ட அரசுப் பணியாளர் 2,321 பேரில் 19 பேருக்கு ஈரல் அழற்சி வந்தது, இருவர் மாண்டனர். மருந்தை அழிக்கும் ஈரலையே மருந்து அழித்துவிட்டது! அசிட்டைல் ஒட்டிய மருந்து சிதையும்போது பிறக்கும் ஒரு துண்டை, முன்னே சொன்ன பி-450 குடும்பத்து நொதிகள் நஞ்சாக்குகின்றன என்று 1970களில் கண்டறிந்தனர். நஞ்சை நீக்க வைத்த காவலனே நஞ்சைச் சமைக்கிறான். மருந்தை விரைந்து மாற்றுவோருக்கே அந்தத் துண்டு மிகுதியாகச் சேரும், எனவே அவர்களுக்கே ஆபத்து என்று முதலில் எண்ணினர். காரணம் கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பின்னர் நடந்த ஆய்வுகள் பல மெல்லியோரையே சுட்டின. அந்தத் துண்டையும் மீண்டும் அசிட்டைல் ஒட்டிச் சாதுவாக்கும் வேலை அதே நொதியுடையது. மெல்லியோரிடம் அதுவும் தாமதமாகிறது. அறிவியலில் அழகான காரணம் என்பது வேறு, மெய் என்பது வேறு.

காசத்துக்கான மற்றொரு பெரு மருந்தாகிய ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறானது. அது ஈரலின் நொதிகளைத் தூண்டி அதிகமாக உற்பத்தி செய்யவைக்கும். அதனால் உடன் உட்கொள்ளும் பிற மருந்துகள் விரைந்து அழிந்து பயனற்றுப் போகலாம். கருத்தடை மாத்திரை பயனற்றுப் போவதை 1970களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் கண்டனர். காசத்துக்கு மருந்து உண்போர், வேறென்ன மாத்திரைகள் உண்கிறோம் என்பதை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டுவது இதனால்தான். வெட்கத்தால் மறைப்பவர்கள் நம்மிடையே உண்டு.

அசிட்டைல் ஒட்டும் அந்த நொதிக்குரிய மரபணுவை 1990களின் தொடக்கத்தில் இனங்கண்டனர். இன்று ஒரு துளிக் குருதியிலிருந்து ஒருவர் விரைவோரா, மெல்லியோரா என்று சொல்லிவிட முடியும். ஜப்பானில் அவ்வாறு அறிந்து அளவைக் குறைத்தும் கூட்டியும் கொடுத்துப் பார்த்தனர். 2013இல் வெளியான அந்த ஆய்வில், குறைந்த அளவு பெற்ற மெல்லியோர் ஈரல் கேட்டிலிருந்து தப்பினர். பத்தில் ஒருவரே மெல்லியோராக உள்ள நாட்டில் நடந்த ஆய்வு அது. பாதிக்கு மேற்பட்டோர் மெல்லியோராக உள்ள நம் நாட்டில், 2017இல் நாடெங்கும் நாள்தோறும் மருந்து தரும் முறை வந்தபோது, மாத்திரையின் அளவை நோயாளியின் எடையைக் கொண்டு வகுத்தார்கள். ஈரலின் வகையைக் கொண்டு அன்று.