முல்லர்: ஒரு குடும்பப் பெயரின் சமூக வரலாறு

வரலாறு எழுதுவோர் அரசர் பெயர்களையே பெரிதும் நாடுவர். கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டவை அவையே. உழைத்தவனின் பெயரை எவரும் பொறித்து வைப்பதில்லை. ஆயினும் சில நாடுகளில், உழைத்தவன் செய்த தொழிலே அவன் பெயராகி, தலைமுறை தலைமுறையாக நின்று நிலவுகின்றது. ஜேர்மனியில் மிகப் பலர் தாங்கும் ‘முல்லர்’ என்னும் குடும்பப் பெயர் அத்தகையது.

இப்பெயர் எமக்குப் புதியதன்று. இருக்கு வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரை எமது ஆசிரியர்களும் மாணவர்களும் நன்கறிவர். இலங்கையின் பழங் கல்வெட்டுக்களைத் தொகுத்து 1883இல் நூலாக வெளியிட்ட எட்வேட் முல்லரும் இப்பெயருடையவரே. ஆனால் பேரறிஞர் இருவர் தாங்கிய அப்பெயர், மாவரைக்கும் ஆலைக்காரனின் பெயர் என்பதை எம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

இலத்தீன் மொழியில் ‘மோலா’ என்றால் அரைகல். அதனடியாக ‘மோலினா’ என்பது ஆலையையும், ‘மோலினாரியுஸ்’ என்பது ஆலைக்காரனையும் குறித்தன. பழைய ஜேர்மன் மொழியில் இது ‘முலினாரி’ ஆயிற்று. பின்னர் தேய்ந்து ‘முல்லர்’ என நின்றது. கையால் அரைக்கும் திரிகைக்கு ஜேர்மானியரிடம் ‘குவிர்ன்’ என்னும் சொந்தச் சொல் ஒன்று முன்னரே இருந்தது. உரோமரிடமிருந்து நீராலை வந்தபோது, கருவியோடு சொல்லும் வந்து சேர்ந்தது. திரிகை ஒதுங்கியதும் அதன் பெயரும் ஒதுங்கிற்று. வட ஜேர்மனியில் இப்பெயர் ‘மொல்லர்’ என வழங்கும். இலத்தீன் மோகங் கொண்ட பதினாறாம் நூற்றாண்டுக் கல்விமான்களுட் சிலர் தம்மை ‘மொலிட்டர்’ என அழைத்துக்கொண்டனர். அமெரிக்காவிற் குடியேறிய முல்லர்களுட் பலர் ‘மில்லர்’ ஆயினர்.

தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் எமக்கு, மாறாத குடும்பப் பெயர் என்பது சற்று அந்நியமானது. ஜேர்மானியரிடமும் அது ஆதியில் இருக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டளவில், மேற்கிலும் தெற்கிலும் நகரங்கள் பெருகி, ஒரே பெயருடையோர் பலர் ஒருங்கு வாழ நேர்ந்தபோது, இவன் எந்த யோகான் என்று பிரித்தறியும் தேவை எழுந்தது. வரி அறவிடுவோனுக்கும் பத்திரம் எழுதுவோனுக்கும் அத்தேவை இன்னும் அதிகம். ஆலைக்கார யோகான், கொல்லன் யோகான் என்று தொடங்கியது, மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு வினா எழும். அக்காலச் சமுதாயத்தில் மிகப் பெருந்தொகையினர் உழவரே. அங்ஙனமாயின் ‘பவர்’ என்னும் உழவன் பெயரன்றோ முதலிடம் பெற்றிருத்தல் வேண்டும்? பெறவில்லை. காரணம் எளிது. ஐம்பது உழவர் வாழும் ஊரில் ஒருவனை உழவன் என்றழைத்துப் பயனில்லை. ஆலை ஊருக்கு ஒன்று, ஆலைக்காரனும் ஒருவன், அவனிடம் போகாத வீடு இல்லை. பெயர் பெரும்பான்மையைக் குறிப்பதன்று, வேறுபாட்டைக் குறிப்பது. ஆகவே குடும்பப் பெயர்ப் பட்டியலைக் குடித்தொகைக் கணக்காகக் கொள்வார் ஏமாந்துபோவர். ஷ்மித் (கொல்லன்), ஷ்னைடர் (தையற்காரன்), பிஷர் (மீன்பிடிப்போன்), வேபர் (நெசவாளன்), பெக்கர் (வெதுப்புவோன்) என்று பட்டியலின் உச்சியெங்கும் தொழில்களே நிற்கின்றன. பண்ணை மேற்பார்வையாளனான மையரும், பிரபுவின் பொருட்டு வரி தண்டிய ஊர்த் தலைவனான ஷூல்ஸும் அவர்களிடையே உளர். எழுத்து வேறுபாடுகளையெல்லாம் ஒன்றுசேர்த்தால் ஷ்மித் முல்லரை முந்திவிடுவான் என்பாரும் உண்டு. சுவிற்சர்லாந்திலும் முல்லரே முதல்வன். ஒஸ்திரியாவிலோ, பள்ளத்திற் குடியிருப்போனைக் குறிக்கும் ‘குரூபர்’ முன்னிற்கின்றான். மலைச்சரிவிலே தனித்தனி மனைகளாக வாழ்ந்தோர்க்கு இடமே அடையாளமாயிற்று.

இனி ஆலைக்கு வருவோம். ஆற்றோரத்து ஆலை எழிலான காட்சியாகவே கவிஞர்க்குத் தோன்றிற்று. வில்ஹெல்ம் முல்லரின் ஆலைக்காரி பற்றிய பாடல்களுக்கு 1823இல் ஷூபேர்ட் இசையமைத்தான். (இக்கவிஞரே மாக்ஸ் முல்லரின் தந்தை.) ஆனால் குடியானவனுக்கு அவ்வாலை எழிற் பொருளன்று. நீரும் ஆலையும் பெரும்பாலும் நிலப்பிரபுவுக்கோ மடத்துக்கோ உரியவை. குறித்த ஆலையிலேயே தானியம் அரைத்தல் வேண்டும் என்பது பல பகுதிகளிற் சட்டம். அரைத்த தானியத்தில் ஒரு பங்கு கூலியாகப் பிடிக்கப்படும். வீட்டுத் திரிகை குற்றப் பொருளாயிற்று. இங்கிலாந்திலே சென்ற் ஓல்பன்ஸ் மடத்தார் மக்களிடமிருந்து பறித்த திரிகைக் கற்களை மடத்தின் தளத்திற் பதித்தனர்; 1381இல் கிளர்ந்தெழுந்த மக்கள் அத்தளத்தைப் பெயர்த்துக் கற்களைப் பங்கிட்டுச் சென்றனர்.

1847இல் வெளியான ‘மெய்யியலின் வறுமை’யில் மார்க்ஸ் கைத்திரிகையை நிலப்பிரபுவின் சமுதாயத்தோடும் நீராவி ஆலையை முதலாளியின் சமுதாயத்தோடும் தொடர்புபடுத்தினார். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் புளொக் 1935இல் நீராலை குறித்து எழுதிய கட்டுரையைப் படிப்போர்க்கு இதில் ஒரு திருத்தம் வேண்டுமெனத் தோன்றும். நிலப்பிரபு கைத்திரிகையின் நண்பனல்லன், பகைவன். அவனது கருவி நீராலையே. கருவி மட்டும் சமுதாயத்தைப் படைப்பதில்லை, அக்கருவி எவன் கையில் உள்ளது என்பதே கேள்வி. இதனால் மார்க்ஸின் நோக்கு பழுதுபடுவதாக நாம் கருதவில்லை. அது மேலும் கூர்மை பெறுகின்றது.

பிரபுவுக்கும் குடியானவனுக்கும் இடையில் அகப்பட்ட ஆலைக்காரன் இருபாலும் இழிவுற்றான். மாவைத் திருடுவோன் என்று ஊர் அவனை ஐயுற்றது. தூக்குமேடைக்கு ஏணி கொடுக்கும் கடமையும் சில பகுதிகளில் அவன் தலையிலே சுமத்தப்பட்டது. அவன் மக்களைத் தொழிற்சங்கங்கள் பல இடங்களில் ஏற்க மறுத்தன. அவ்வாறு மறுத்தலாகாது என்று 1548இலும் 1577இலும் பேரரசுக் கட்டளைகள் பிறந்தன. ஒரே கட்டளை மீண்டும் பிறக்கின்றதெனின், முந்தியது மதிக்கப்படவில்லை என்பதே பொருள். இன்று நாடெங்கும் பெருகியிருக்கும் பெயர், ஒருகாலத்தில் மானமற்றவனின் பெயர்.

பிரசியாவின் நொய்மார்க் பகுதியில் அர்னோல்ட் என்னும் ஆலைக்காரனுக்கு நேர்ந்ததை இங்கே சற்று விரித்துரைத்தல் தகும். அவன் ஷ்மெத்தௌ பிரபுவுக்கு வாரம் செலுத்தி ஆலை நடத்தினான். 1770இல் மேலாற்றில் கெர்ஸ்டோர்ப் என்னும் மாவட்ட அதிகாரி தன் கெண்டை மீன் குளங்களுக்கு நீரைத் திருப்பினான். நீர் குறைந்து சக்கரம் ஓடவில்லை என்று அர்னோல்ட் வாரம் கொடுக்க மறுத்தான். வழக்கை முதலில் விசாரித்தது, வாரத்துக்குரிய பிரபுவின் சொந்தப் பண்ணை நீதிமன்றம்! 1778இல் ஆலை ஏலத்திற் போயிற்று. அர்னோல்டும் மனைவியும் மன்னன் இரண்டாம் பிரெடரிக்கிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டனர். 1779 டிசெம்பரில் மன்னன் பிரதம நீதியமைச்சரை விலக்கி, நீதிபதிகளைச் சிறையிலிட்டு, ஆலையை மீட்டளித்தான். மனுக்களை ஏந்திய குடியானவர் அரண்மனை வாயிலில் மொய்த்தனர்.

மன்னனின் நீதிக்குச் சான்றாக இதனைப் பாராட்டுவோர் பலர். சட்டப்படி நீதிபதிகளின் தீர்ப்பே சரியானது என்று பிற்கால ஆய்வாளர் பலர் கொண்டனர்; 1786இல் மன்னன் இறந்தபின் நீதிபதிகளின் மேலிருந்த பழியும் நீக்கப்பட்டது. எமக்கோ, பிரெடரிக் தொடாமல் விட்டதே முக்கியமாகப் படுகின்றது. பிரபுவின் பண்ணை நீதிமன்றம் அப்படியே இருந்தது. இவ்வழக்கின் பின் வேகம் பெற்ற சட்டத் தொகுப்பு 1794இல் நடைமுறைக்கு வந்தபோதும், குடியானவனின் பரம்பரை அடிமைநிலை அதில் இடம்பெற்றது. அதனை ஒழிக்க 1807 வரையும், பிரசியாவின் ஆலைக் கட்டாயத்தை ஒழிக்க 1810 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கும் நெப்போலியனிடம் பட்ட தோல்வி வேண்டியிருந்தது.

தொழிலிற் பிறந்த பெயர்களை இரத்தத்தின் முத்திரையாக்கும் முயற்சியையும் ஜேர்மனி கண்டது. ‘ஆரிய இனம்’ என்று பேசுவதன் அபத்தத்தை மாக்ஸ் முல்லரே 1888இல் கடுமையாகச் சாடியிருந்தார். ஆரியம் மொழிக்குரிய சொல்லேயன்றி மண்டையோட்டுக்குரியதன்று என்பது அவர் கருத்து. நாற்சிகள் அதனைக் கேட்கவில்லை. தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி ஒவ்வொருவனும் தன் பாட்டன் பாட்டியரின் ‘தூய்மை’யை நிறுவ வேண்டியதாயிற்று. 1938ஆம் ஆண்டுக் கட்டளையொன்று, யூதப் பெயரெனத் தாம் பட்டியலிட்ட முற்பெயர் இல்லாத யூத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் மேலதிகப் பெயர் தாங்க வேண்டுமென விதித்தது. பெயரே வேட்டைக்கு வழிகாட்டியாயிற்று.

1928இல் ஜேர்மனியின் பிரதமரான ஹெர்மன் முல்லர் சமூக சனநாயகக் கட்சியினர். வேலையற்றோர் காப்புறுதிக்கு யார் எவ்வளவு செலுத்துவது என்ற பிணக்கில் 1930 மார்ச்சில் அவரது அரசு வீழ்ந்தது. 1939 முதல் இரகசியப் பொலிசான கெஸ்தாப்போவுக்குத் தலைமை தாங்கியவன் ஹைன்ரிக் முல்லர். இருவரும் முல்லர்களே.

ஆலைகளோ நீராவிக்கும் எஃகு உருளைக்கும் முன் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1957இல் மேற்கு ஜேர்மனி ஆலைச் சட்டமொன்றை இயற்றி, ஆலையை மூடுவோருக்கு நட்டஈடு வழங்கியது. சிற்றாலைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. ஓடைக்கரையிற் பல சக்கரங்கள் ஓய்ந்தன. சில ஆலைகள் உணவுவிடுதிகளாயின. இன்றைய முல்லர்களுள் மாவரைப்போர் மிகச் சிலரே.