இராமடங்காவும் 1818 என்னும் ஆண்டும்: ஒரு நாணயவியல் குறிப்பு

மேற்கு மாம்பலத்தில் கோதண்டராமர் கோயிலையும் அயோத்தியா மண்டபத்தையும் சூழ்ந்த தெருக்களில், பழைய இல்லமொன்றின் பூசை அறைத் தட்டில் இராமர் பட்டாபிடேகக் காட்சி பொறித்த வட்டத் தகட்டைக் காண்பது புதுமையன்று. இராமடங்கா எனப்படும் இது வழிபாட்டுக்கென அடிக்கப்பட்ட வில்லை, செலாவணிக்கு உரியதன்று. எனினும் பிறப்பால் இது போலியுமன்று. 'கும்பினிக் காலத்து நாணயம்' என்று விலை பேசப்படும்போதே இது போலியாகிறது. பட்டியலிடுவோர் பலர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை உண்டு. தலைக்கோட்டைப் போருக்குப் பின் பெனுகொண்டாவிலிருந்து ஆண்ட ஆரவீட்டுத் திருமலைராயன், இராமனும் சீதையும் அமர்ந்திருக்க இலக்குவன் அருகில் நிற்கும் பொற்காசை வெளியிட்டான். அக்பர் தம் இறுதி ஆண்டுகளில் இராமன், சீதை உருவங்களோடு நாகரி எழுத்துப் பொறித்த காசுகளை அடிப்பித்தார். சென்னைக் கும்பினியின் வராகனிலும் திருமால் உருவம் உண்டு. ஆகவே தெய்வ உருவத்தைக் கொண்டே ஒரு காசைப் போலி எனத் தள்ளிவிட இயலாது.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் வில்லையை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் இராமர் அல்லது அனுமன். மறுபுறம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயர், 'யு.கே.எல். ஒன் அணா', 1818. இதனை மறுக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. 1818இல் சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு ரூபாயைத் தர நாணயமாக ஏற்றது. அணா கணக்கலகாக வழங்கியது. ஆனால் அக்காலச் சென்னைச் செப்புக்காசுகள் காசு, டப்பு என்னும் அலகுகளிலேயே அமைந்தன. 1835இல் இந்தியா முழுமைக்கும் வந்த ஒருசீர் நாணய முறையிலும் செம்பின் உயர்மதிப்பு அரையணாவே. ஓரணா, செப்பு நிக்கல் கலவையில், எட்வர்டு மன்னர் காலத்தில் 1907ஆம் ஆண்டுக் காசாகவே வந்தது. ஒப்பீட்டுக்கு, பர்மிங்காமின் சோகோ அச்சுச்சாலையில் சென்னைக்காக அடிக்கப்பட்ட 1808ஆம் ஆண்டின் 20 காசைக் கொள்ளலாம். அதில் கும்பினியின் கேடயச் சின்னமே உண்டு, தெய்வம் இல்லை. 1809இல் கப்பலோடு ஆங்கிலேயக் கடலில் மூழ்கிய அவ்வகைக் காசுகள் பிற்காலத்தில் பெருமளவில் மீட்கப்பட்டதால் அதன் மாதிரி இன்று எளிதில் கிட்டும்.

வழக்கமான புறச்சோதனைகள் இங்கு அவ்வளவாக உதவுவதில்லை. வளிக்குழி, விளிம்பில் இணைப்புக்கோடு, மழுங்கிய எழுத்து ஆகியவை வார்ப்புப் போலியைக் காட்டும். இவ்வில்லைகளுள் பல, பொறியில் அச்சடித்தவை. களிம்பும் சான்றாகாது. அமிலம் களிம்பைச் செயற்கையாக உண்டாக்கும். நம் வீடுகளிலோ புளியிட்டுத் துலக்கி, உண்மையான பழைய வில்லையையும் புதிதாக்கிவிடுகின்றனர். எனவே பொறிப்பையும் மதிப்பலகையும் ஆண்டோடு பொருத்திப் பார்ப்பதே முதற் சோதனையாதல் வேண்டும்.

இவ்வில்லைகள் 'அரிசி ஈர்க்கும் காசு' என்னும் மோசடிக்கும் கருவியாயின. செம்பும் அரிசியும் காந்தத்தால் ஈர்க்கப்படுவன அல்ல. ஈர்ப்பு நிகழின் காந்தமோ இரும்போ மறைந்திருக்கிறது. இதை நம்பிச் சேமிப்பை இழந்தோர் உளர்.

இதற்கு எதிர்வினையாக எல்லா இராமடங்காக்களையும் குப்பையெனத் தள்ளுவதும் பிழையே. ஆண்டுப் பொய் இல்லாத வில்லையைச் சமயப்பொருளாகப் பதிய வேண்டும்: எடை, விட்டம், உலோகம், எந்த இல்லத்தில் எத்தலைமுறையாக இருந்தது, யாத்திரையில் பெற்றதா, சீராக வந்ததா என்பன குறிக்கப்பட வேண்டும். 1818 பொறித்ததையும் எறியாது, 'பிற்காலப் புனைவு' என்ற தலைப்பில் தனியே வைக்கலாம்.