கசிவிலிருந்து பிறந்த கருவி: பவர் ஸ்டீயரிங்கின் வரலாறு

பவர் ஸ்டீயரிங்கின் வரலாறு பெரும்பாலும் ஆற்றலின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கனத்த சக்கரங்களை ஒரு விரலால் திருப்ப முடிந்த வியப்பே அதில் முன்னிற்கும். ஆனால் அக்கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது எண்ணெய்க் கசிவு என்னும் எளிய தொல்லை. இன்றும் பழுது பார்ப்பவர் முதலில் தேடுவது அதையே.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பணியாற்றிய பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ். பெரிய லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அருகிருந்து கண்டவர். 1922இல் அவ்வேலையை விட்டு விலகி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் சிறு பணிமனை ஒன்றில் ஆய்வைத் தொடங்கினார். எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு கனத்த பொருள்களை நகர்த்தும் முறை தொழிற்சாலைகளில் அப்போதே வழக்கில் இருந்தது. அங்கு வால்வு மூடியிருக்கும். எண்ணெய் எந்நேரமும் உயர் அழுத்தத்தில் காத்திருக்கும். விளைவு, இணைப்புகள்தோறும் கசிவு. நிலையாக நிற்கும் இயந்திரத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். குலுங்கி ஓடும் வண்டியில் இயலாது.

டேவிஸ் அந்த முறையைத் தலைகீழாக்கினார். அவருடைய அமைப்பில் வால்வு திறந்தே இருக்கும். வண்டி நேராகச் செல்லும்போது எண்ணெய் பம்பிலிருந்து புறப்பட்டுத் தொட்டிக்குத் தடையின்றித் திரும்பும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதுதான் வால்வு ஒரு வழியைக் குறுக்கும். அப்போது பிஸ்டனின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறிச் சக்கரம் திரும்ப உதவும். தேவைப்படும் நேரத்தில் மட்டுமே அழுத்தம் என்பதால் கசிவுக்கான வாய்ப்பும் சுருங்கியது.

1926இல் அக்கருவி பொருத்திய வண்டியை டெட்ராய்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தாருக்கு அவர் இயக்கிக் காட்டினார். ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் குறுக்கிட்டது. செலவைக் காரணம் காட்டி 1934இல் நிறுவனம் விலகிக்கொண்டது. பின்னர் உலகப் போரின் கவச வண்டிகள் அக்கருவியின் பயனை மெய்ப்பித்தன. 1951இல், டேவிஸின் தொடக்கக் காப்புரிமைகள் காலாவதியான நிலையில், கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் கார்களில் பவர் ஸ்டீயரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மறு ஆண்டே டேவிஸின் வடிவமைப்புடன் களமிறங்கியது.

இதே காலத்தில் கசிவுக்கு மற்றொரு விடையும் கிடைத்தது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், எழுபது வயதைக் கடந்த பின், ஒரு பள்ளத்தில் அமரும் எளிய ரப்பர் வளையத்துக்கு 1939இல் காப்புரிமை பெற்றார். ‘ஓ-ரிங்’ என்று பணிமனைகள் இன்றும் அழைப்பது அதைத்தான். எனினும் ரப்பருக்கு ஆயுள் உண்டு. வெப்பத்திலும் வயதிலும் அது இறுகும், வெடிக்கும். எண்ணெய் மீண்டும் வழி கண்டுபிடிக்கும்.

கசிவைக் கண்டறியும் முறையும் டேவிஸின் தருக்கத்தையே பின்பற்றுகிறது. பவர் ஸ்டீயரிங் எண்ணெய் எஞ்சினில் எரிந்து தீர்வதன்று. தொட்டியில் அளவு தொடர்ந்து குறைந்தால் அது எங்கோ வெளியேறுகிறது என்றே பொருள். நேர்நிலையில் அழுத்தம் தாழ்ந்திருப்பதால் சிறு கசிவு அப்போது ஒளிந்துகொள்ளும். ஆகவே முதலில் பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்ப, மற்றொருவர் நகரும் பாகங்களுக்கு விலகி நின்று கவனிக்க வேண்டும். கடைசி முனையில் சில நொடிகளுக்கு மேல் பிடித்து வைத்தால் பம்ப் சூடேறிக் கெடும். பம்பின் தண்டுப் பகுதி, ஹோஸ்களின் இணைப்புகள், ஸ்டீயரிங் ரேக்கின் இரு முனைகள் ஆகியவை முதன்மையான இடங்கள். ரேக்கின் சீல் தேய்ந்தால், எண்ணெய் தரையில் சொட்டும் முன்பே ரப்பர் உறைக்குள் தேங்கும். திருப்பும்போது எழும் முனகல், எண்ணெய் குறைந்து பம்ப் காற்றை இழுப்பதைக் காட்டக்கூடும். சூடான புகைக்குழாயின் மேல் சொட்டினால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

இந்தியப் பணிமனைகளில் சொல்லும் ஒரு சிக்கலாகிறது. எஞ்சினுக்கு ஊற்றுவதும் பிரேக்குக்கு ஊற்றுவதும் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுவதும் பேச்சில் ‘ஆயில்’ என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. கிளைக்கால் வகைப் பிரேக் திரவத்தைப் பவர் ஸ்டீயரிங் தொட்டியில் ஊற்றினால் அங்குள்ள ரப்பர் சீல்கள் பாழாகும். சிறு கசிவு பெருங்கசிவாகும். நிறமும் முழுச் சான்றன்று. சிவப்பு எண்ணெயைப் பயன்படுத்தும் வண்டிகள் பல உள்ளன. பிற நிறங்களும் உண்டு. வண்டியின் கையேடு குறிக்கும் வகையே முடிவானது.

1988இல் ஜப்பானின் சுசுகி நிறுவனம் தன் செர்வோ காரில் மின்மோட்டார் உதவியுடன் இயங்கும் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. எண்ணெயே இல்லாத இடத்தில் கசிவும் இல்லை. இன்று புதிய கார்களில் அம்முறையே பரவலாகிவிட்டது. ஆயினும் லாரிகளும் பேருந்துகளும் பழைய கார்களும் டேவிஸின் எண்ணெயிலேயே பெருமளவில் ஓடுகின்றன. அவற்றில் உதவி நின்றுபோனாலும் சக்கரம் திரும்பும். ஆனால் அதன் முழுச் சுமையும் ஒரு திருப்பத்தின் நடுவே, முன்னறிவிப்பின்றி ஓட்டுநரின் கைக்கு வந்து சேரும். வாரந்தோறும் எண்ணெய் ஊற்றி நிரப்பி ஓட்டுவது அந்தத் தருணத்தைத் தள்ளிப்போடுவதே அன்றித் தவிர்ப்பதன்று.