தொகுதி எண் இல்லாத மருந்து

ஹைதராபாத்தின் வட பகுதியிலுள்ள ஜீடிமெட்லா மருந்து மூலப்பொருள்களின் ஊர். 1961இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான ஐ.டி.பி.எல்., சோவியத் உதவியுடன் அருகிலுள்ள பாலாநகரில் ஆலை அமைத்தது. அங்கே தொழில் கற்ற வேதியியலாளர் பலர் பின்னர் தனியார் ஆலைகளைத் தொடங்கினர். ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் வளர்ச்சியில் அவர்களுக்குப் பங்குண்டு. அங்கு உருவாகும் மருந்துக்கு உரிமமும் தூய்மை அளவும் தொகுதி எண்ணும் உண்டு.

இன்று தோல் மருத்துவ நிலையங்களில் முகச்சுருக்கத்துக்குச் செலுத்தப்படும் ‘பி.ஆர்.பி.’ ஊசிக்குத் தொகுதி எண் இராது. அது தட்டணுச் செறிவுள்ள பிளாஸ்மா. வந்தவரின் குருதியை எடுத்துச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். தட்டணு மிகுந்த பகுதியைப் பிரித்து அவர் முகத்திலேயே செலுத்துவர். உடலே மூலப்பொருள், சிகிச்சை அறையே ஆலை.

குருதி உறைதலில் தட்டணுக்களின் பங்கை 1882இல் விளக்கியவர் இத்தாலியரான பிஸோஸெரோ. அவற்றிலிருந்து வெளிப்படும் பொருள் உயிரணுக்களைப் பெருகச் செய்வதை 1974இல் ரஸ்ஸல் ராஸின் குழு காட்டியது. 1998இல் ராபர்ட் மார்க்ஸ் தாடையெலும்பு ஒட்டு அறுவையில் பி.ஆர்.பி.யைப் பயன்படுத்தினார். இம்மூன்றிலும் பேசுபொருள் காயம் அல்லது சேதமுற்ற திசு. முகத்துக்கு வந்தபோதோ காயமே இல்லை; ஆயினும் ‘குணமாதல்’, ‘மீளுருவாக்கம்’ என்னும் காயத்தின் சொற்கள் உடன்வந்தன. தமிழ் மரபு திரையை நரையோடும் மூப்போடும் சேர்த்தே எண்ணியது, புண்ணோடு அன்று. (அம்மூன்றையும் விலக்கக் காயகற்பம் தேடிய சித்தர்களுக்கும் அது புண்ணாகத் தோன்றவில்லை.)

சொல் கடந்த தூரத்தைச் சான்று கடக்கவில்லை. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி.யும் மறு கன்னத்தில் உப்புநீரும் செலுத்தப்பட்டன. எது எதுவென அறியாத மருத்துவர்கள் நுண்கோடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஊசி பெற்றவர்களோ பி.ஆர்.பி. பக்கமே மேம்பட்டதாக மதிப்பிட்டனர். முடிவாகக் கொள்ள முடியாத அளவுக்கு அது சிறிய ஆய்வு. 19 பேரே இறுதிவரை இருந்தனர்.

அளவிலும் ஒழுங்கில்லை. இயல்பான குருதியில் மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள். மார்க்ஸ் வகுத்த செறிவு 10 லட்சம். ஆனால் சுழற்றும் வேகமும் குழாயும் மாறினால் செறிவு மாறும்; எண்ணாமலே செலுத்துவதும் உண்டு.

‘தன் குருதி’ என்பதால் தீங்கில்லை என்பர். நியூ மெக்சிகோவில் உரிமமின்றி இயங்கிய ஒரு நிலையத்தில் இவ்வகை முகச் சிகிச்சை பெற்றவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018இல் தெரியவந்தது. அச்சிகிச்சையே காரணமாகலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் அறிவித்தது. சோதனையிட்டவர்கள் அங்கே கண்டவற்றுள் ஒன்று, சமையலறைக் குளிர்பெட்டியில் உணவுடன் வைக்கப்பட்டிருந்த, பெயர்ச்சீட்டு இல்லாத குருதிக் குழாய்கள்.