பாரிமுனையின் பாரி யார்?

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கே நீளும் கடலோரச் சென்னைக்குத் தலைவாயிலாக நிற்பது பாரிமுனை. நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையும் இராஜாஜி சாலையும் கூடும் அந்த மூலைக்கு எழுத்து வழக்கில்தான் இப்பெயர். பேச்சு வழக்கில் பாரிஸ் கார்னர். இன்னும் சுருங்கி, வெறும் பாரிஸ். பிரெஞ்சுத் தலைநகரோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. 'பாரியினுடைய' என்று பொருள்தரும் ஆங்கில உருபே அந்த ஈற்று 'ஸ்'. ஆயின் அந்தப் பாரி யார்?

புறநானூற்றில் கபிலர் பாடல்களை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் இவ்வினா எழுவதுண்டு. முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலின் பெயரைத்தான் அம்மூலைக்குச் சூட்டியுள்ளனர் என்று நம்புவோர் மாணவரிடையே மட்டும் உளர் என்று நினைக்க வேண்டா. படித்தவர் அவைகளிலும் இதனைக் கேட்டிருக்கிறோம். ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு உறவு கற்பிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பறம்பின் கோமானுக்கும் அவ்வீதி மூலைக்கும் இடையே நிற்பவர், 1768இல் பிறந்த தாமஸ் பாரி என்னும் வேல்சு நாட்டு வணிகர்.

1788இல் இருபது வயது இளைஞராக அவர் சென்னைக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் அல்லர்; அதன் உரிமம் பெற்றுத் தனித்துத் தொழில்செய்யும் வணிகர் என்ற வகையைச் சேர்ந்தவர். பலரோடு கூட்டுச் சேர்ந்தும் பிரிந்தும் தொழில் நடத்திய அவர், 1803இல் இம்மூலை மனையை வாங்கினார். அந்நாளில் துறைமுகம் கட்டப்படவில்லை; அம்மனைக்கு எதிரே கடல்தான் இருந்தது. 1819இல் ஜான் வில்லியம் டேர் என்பவர் பங்குதாரரானார். 1824இல் பரங்கிப்பேட்டைப் பக்கம் சென்றிருந்தபோது வாந்திபேதி கண்டு தாமஸ் பாரி இறந்தார். ஆள் மறைந்தபின் அவர் பெயர் இரண்டு நூற்றாண்டுகள் வாழ்ந்து வருகிறது.

அப்பெயரின் பிறப்பு, தமிழ் இலக்கணம் கற்றவர்க்குத் தனிச்சுவை தருவது. வேல்சு மக்களிடையே முற்காலத்தில் நிலையான குடும்பப்பெயர் இல்லை. நம்மைப் போலவே அவர்களும் தந்தை பெயரைச் சார்ந்தே அறியப்பட்டனர். 'ஆப்' என்றால் அவர்கள் மொழியில் மகன். 'ஆப் ஹாரி' என்பது ஹாரியின் மகன். ஹாரி என்பது ஹென்றி என்ற பெயரின் பேச்சு வடிவம். அதன் வேர், இல்லத்தை ஆள்பவன் என்று பொருள்படும் பழைய செருமானியச் சொல். பதினாறாம் நூற்றாண்டில் (1536, 1543 ஆண்டுகளின் சட்டங்களால்) வேல்சு, இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. ஆங்கில முறைப்படி பதிவேடுகள் பெருகப் பெருக, மாறாத ஒரு குடும்பப்பெயர் தேவைப்பட்டது. அப்போது 'ஆப்' என்பதன் ஈற்று மெய், தந்தை பெயரின் முதலில் ஒட்டிக்கொண்டது. 'ஆப் ஹாரி' பாரி ஆயிற்று. ஆப் ரீஸ் பிரைஸ் ஆனதும், ஆப் ஹவெல் பவல் ஆனதும், ஆப் ரிச்சர்ட் பிரிட்சர்ட் ஆனதும் இவ்வழியே.

இது நமக்குப் புதிதன்று. ஆதன் தந்தை 'ஆந்தை' என்றும், பூதன் தந்தை 'பூந்தை' என்றும் திரிந்து புணர்வதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் விதி வகுத்திருக்கிறார். பிசிராந்தையார் பெயரில் உள்ள ஆந்தை பறவையன்று என்பதை வாசகர் அறிவர். கொற்றனுக்கு மகனாகிய கொற்றன் 'கொற்றங்கொற்றன்' என வருவதையும் உரையாசிரியர்கள் காட்டுவர். முறைப்பெயரும் இயற்பெயரும் உருகி ஒரே சொல்லாகிவிடும் இந்நிகழ்ச்சியில் வேல்சும் தமிழும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. பாரிக்கும் பாரிக்கும் ஒற்றுமை தேடுவோர் தேடவேண்டிய இடம் இதுவென்பது நம் கருத்து.

இக்குடும்பப்பெயர் தாங்கியோர் பலர். வட துருவக் கடலில் வழி தேடிய வில்லியம் எட்வர்ட் பாரி, இசையமைப்பாளர் ஹ்யூபர்ட் பாரி ஆகியோரைக் கலைக்களஞ்சியங்களிலேயே காணலாம். தமிழர் மறக்கக்கூடாத ஒருவர் மில்மன் பாரி. 1902இல் அமெரிக்காவில் பிறந்து, 1935இல் தம் முப்பத்து மூன்றாம் வயதிலேயே மறைந்தவர். ஹோமரின் காப்பியங்களில் மீண்டும் மீண்டும் வரும் அடைமொழிகளும் தொடர்களும் வாய்மொழியாகப் பாடிய பாணர்களின் கருவிகள் என்று நிறுவியவர். அதற்குச் சான்று தேடி யூகோசுலாவிய நாட்டுப்புறப் பாடகர்களிடம் சென்று பாடல்களைப் பதிவு செய்தவர். அவருடைய கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி, ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் வீரயுகப் பாடல் ஆய்வு 1968இல் நூலாக வந்தது. ஆக, கபிலர் பாடிய பாரியை அளப்பதற்கு வேல்சுப் பெயர்கொண்ட ஒரு பாரியின் அளவுகோலே பயன்பட்டிருக்கிறது! சங்கப் பாடல்கள் அனைத்தையும் வாய்மொழிப் பாடல் என்னும் முடிபுக்கு நாம் உடன்படுவதில்லை. எனினும் அந்நூல் எழுப்பிய வினாக்களைத் தவிர்த்துச் சங்க இலக்கியம் பயில்வது இனி இயலாது.

மீண்டும் மூலைக்கு வருவோம். இன்று அங்கு நிற்கும் பெருங்கட்டடம் 1940இல் திறக்கப்பெற்றது. அதன் பெயர் டேர் இல்லம். கட்டடம் பங்குதாரருக்கும் மூலை முதலாளிக்கும் என்று பெயர்கள் பங்கிடப்பட்டுவிட்டன. நிறுவனம் 1981இல் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தபோதும் பாரி என்ற பெயர் நீங்கவில்லை. வணிகத்தில் நற்பெயரும் ஒரு முதலீடு அன்றோ? தமிழகத்தில் அம்முதலீட்டுக்கு எதிர்பாராத வட்டியும் சேர்ந்தது. ஆங்கிலேயர் நாவில் குறிலாக ஒலிக்கும் பெயர் நம் நாவில் நெடிலாக நீண்டதும், கொடைக்குப் பெயர்போன வேளிர் தலைவனின் புகழ் விலையின்றி வந்து ஒட்டிக்கொண்டது. மூவேந்தர் முற்றுகையில் நாட்டையும் உயிரையும் இழந்தவன் அவன். இந்தப் பாரி கணக்கு வழக்கறிந்த வணிகர். மூலையின் பெயரை மாற்றவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வள்ளலின் புகழைத் தெரியாமல் இரவல் கொடுக்கவேண்டா என்பதே நம் வேண்டுகோள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு எண்ணூர் வரை போகவேண்டும். 1906இலேயே இராணிப்பேட்டையில் உர ஆலை கண்ட பாரி நிறுவனம், 1960களில் எண்ணூர்க் கடற்கரையிலும் ஓர் உர ஆலையை நிறுவியது. 2003இல் நிறுவனத்தின் உரத்தொழில் பிரிந்து அதே குழுமத்தின் கொரமண்டல் நிறுவனத்தோடு சேர்ந்தது. ஆலைக்குப் பாரி என்ற பெயர் போயிற்று. கொரமண்டல் என்பது சோழமண்டலம் ஐரோப்பியர் நாவில் சிதைந்த வடிவம் என்பர். தமிழ்ப் பெயர்போல் ஒலித்த வேல்சுப் பெயர் விலகி, வேற்றுமொழிப் பெயர்போல் ஒலிக்கும் தமிழ்ப்பெயர் அங்கு வந்து அமர்ந்தது. 2023 திசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து அவ்வாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர்; ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலையை மூடக் கோரி மீனவ மக்கள் நாட்கணக்கில் அதன் எதிரே அமர்ந்து போராடினர். அவர்கள் அமர்ந்திருந்ததும் சோழமண்டலக் கரையில்தான்.