ஈயம் சுமந்த ஓடை

யோபு நூலின் 28ஆம் அதிகாரத்தை ஞானத்தின் புகழ்ச்சியாக மட்டுமே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். அதன் முற்பகுதி சுரங்கத் தொழிலாளரைப் பற்றியது என்பது நம் கவனத்தில் தங்குவதில்லை. ஆளரவமற்ற இடத்தில் குழி தோண்டி, இருளுக்குள் இறங்கி, மலையை வேரோடு புரட்டும் மனிதனை ஆசிரியர் அங்கே வியந்து நோக்குகிறார். அப்பகுதிக்கு விரிவுரையாக அமைந்த ஓர் ஓடை இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் ஓடுகிறது. அதன் பெயர் கன்னர்சைடு கில்.

நம் முன்னோர் வகுத்த ஐந்திணையுள் எதிலும் எளிதில் அடங்காத நிலம் அது. மலை என்றால் சிகரமில்லை. காடு என்றால் மரமில்லை. காற்று அறையும் உயர்ந்த வெளி, ஹெதர் என்னும் குறும்புதர், கால் புதையும் கருஞ்சேறு, ஆங்காங்கே மேயும் ஆடுகள். அவ்வெளியில் பிறந்து தெற்கே இறங்கி, கன்னர்சைடு என்ற சிற்றூரில் ஸ்வேல் ஆற்றோடு கலக்கிறது இவ்வோடை. முழு நீளமும் சில மைல்களே. ஆயினும் அதன் இரு கரைகளிலும் சரிவுகளைக் கிழித்துக்கொண்டு நிற்கும் பெரும் பள்ளங்களைக் காண்பவர், இவை இயற்கையாய் விளைந்தவை அல்ல என்பதை உடனே உணர்வர்.

அப்பள்ளங்களுக்கு 'ஹஷ்' என்று பெயர். பாயும் நீரின் இரைச்சலிலிருந்து பிறந்த சொல் போலும். மேட்டின் தலையில் புல்மண் கட்டிகளால் அணை எழுப்பி, நீர் தேங்கியபின் அதை ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்கள். வெள்ளம் மேல்மண்ணை அரித்துச் சென்று, பாறைக்குள் ஓடும் ஈயத்தாதுவின் நரம்பைத் திறந்து காட்டும். மீண்டும் தேக்குவார்கள், மீண்டும் உடைப்பார்கள். பன்டன் ஹஷ் போன்ற பள்ளங்கள் இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டவை. அரிக்கப்பட்ட மண்ணும் கல்லும் எங்கே போயின என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவை ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் போயின.

பின்னர் மலையின் பக்கவாட்டில் சுரங்கவழிகள் குடைந்தார்கள். அவற்றுள் பெரியது சர் பிரான்சிஸ் சுரங்கவழி. 1864இல் தொடங்கி 1877இல்தான் அது நாடிய தாதுநரம்பை அடைந்தது. பதின்மூன்று ஆண்டுகள்! முதலில் கையுளியும் வெடிமருந்தும். பின்னர் அழுத்திய காற்றால் இயங்கும் துளைக்கருவி. அக்கருவி வேலையை விரைவுபடுத்தியது, கல்தூசியையும் பெருக்கியது. சுரங்கத்தார் பலர் நெஞ்சு அடைத்து, நடுவயதிலேயே மாண்டனர். உலோகச் சுரங்கங்களின் நிலையை ஆராய்ந்த கின்னேர்டு பிரபுவின் ஆணைக்குழு 1864இல் அளித்த அறிக்கையில் தொழிலாளரின் நோயும் ஆயுட்குறைவும் பதிவாயின. அதே ஆண்டில்தான் சர் பிரான்சிஸ் சுரங்கவழியின் முதல் கல் உடைக்கப்பட்டது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

கூலி முறையும் வேதனைக்குரியது. நான்கைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, வெட்டியெடுக்கும் தாதுவுக்கு இன்ன விலை என்று மேலாளரோடு பேரம் முடிப்பார்கள். பாறை கனிந்தால் வருமானம், பொய்த்தால் கடன். மண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஏழையே நட்டத்தின் பாரத்தைச் சுமந்தான். கரையில் சிறுவர்கள் குளிர்நீரில் நின்று தாதுவைக் கழுவிப் பிரித்தார்கள். ஓடையின் மேற்பகுதியில் 1820ஆம் ஆண்டளவில் எழுந்த பிளேக்துவெய்ட் உருக்காலையின் புகை, சரிவில் ஏறிச்சென்ற கல்குழாய் வழியே மேட்டின் மேல் வெளியேறியது. அதன் கற்கள் இன்றும் சிதறிக் கிடக்கின்றன.

இம்மக்களின் ஆன்மீகத் தேவையைக் கவனித்தவர் யார்? பள்ளத்தாக்கின் தாய்க் கோவில் பல மைல் கீழே கிரின்டனில் இருந்தது. 1580இல் மியூக்கரில் கோவில் எழும்வரை, மேற்கே கெல்டு வரையுள்ள ஊர்களில் இறந்தோரைத் தோளில் சுமந்து அங்கேதான் கொண்டுசென்றார்கள். அப்பாதைக்குப் பிணப்பாதை என்றே பெயர் வழங்குகிறது. ஜான் வெஸ்லி 1761இல் இப்பள்ளத்தாக்குக்கு வந்தபோது மக்கள் அவர் பக்கம் திரண்டதில் வியப்பென்ன? போதகர் தேடி வந்தார், கோவில் காத்திருந்தது. மாதம் ஒருமுறை மட்டும் திருப்பலி காணும் கிளைக் கிராமங்களை வைத்திருக்கும் நாம், பிரிந்த சகோதரரின் இவ்வரலாற்றை மேலோட்டமாகப் படித்துச் செல்ல இயலாது.

1880களில் ஸ்பெயின் நாட்டிலிருந்து மலிவான ஈயம் வந்து குவிந்தது, விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின. குடும்பங்கள் டர்ஹாம் நிலக்கரிக்கும், லங்காஷயர் பஞ்சாலைகளுக்கும் சென்றன. அதற்கு முன்பே அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஈயச் சுரங்கப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அங்கே, விஸ்கான்சினின் பென்டன் பங்கில், தோமினிக்கன் சபைத் துறவி சாமுவேல் மத்சுக்கெல்லி சுரங்கத் தொழிலாளரிடையே பணிபுரிந்தார். கடுங்குளிரில் நோயாளிகளைக் காணச் சென்றுவந்து, நிமோனியா கண்டு, 1864 பிப்ரவரியில் உயிர்நீத்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1993இல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். மீண்டும் அதே 1864! நாம் தேடி வைத்த பொருத்தமன்று இது. ஆண்டுகளே அப்படி விழுந்தன.

ஈயத்துக்கும் ஆலயத்துக்கும் உள்ள உறவையும் சொல்லவேண்டும். ஆலயக் கூரைகளில் வேய்ந்தது ஈயம். வண்ணக் கண்ணாடிகளைக் கோத்துப் பிடித்ததும் ஈயம். 1538இல் யார்க்ஷயரின் ரீவோ மடம் கலைக்கப்பட்டபோது, அதன் கூரை ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக்கினார்கள். அவற்றுள் இடிபாட்டில் புதைந்துபோன நான்கு கட்டிகள் 1920களில் கிடைத்தன. யார்க் பேராலயத்தின் ஐந்து சகோதரிகள் சாளரத்தைப் புதுப்பிக்க அவை பயன்பட்டன. அச்சாளரத்தின் முன் நின்று செபிப்பவர் எவரும், ஈயத்தைத் தோண்டியவனின் நெஞ்சடைப்பை நினைப்பதில்லை. நாமும் நினைத்ததில்லை.

இன்று கன்னர்சைடு ஓடையோரம் நடைப்பயணிகள் செல்கிறார்கள். இடிந்த வளைவுகளைப் படமெடுக்கிறார்கள். ஓடை அன்று சுமந்துசென்ற ஈயம், ஸ்வேல் ஆற்றின் வெள்ளச் சமவெளி மண்ணில் இன்னும் இருக்கிறது; பெருவெள்ளம் வரும்போது இடம் மாறுகிறது. வேறு செடிகள் எளிதில் வேரூன்றாத அக்கழிவுக் குவியல்களின்மேல், ஈயத்தைத் தாங்கும் ஒரு சிறு செடி மட்டும் படர்ந்து, கோடையில் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கிறது.