கொலோமா: தங்கம் கிடைத்த அடிவாரத்தில் தங்கியவர்கள்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர் மேற்கே தாழ்ந்து சமவெளியை எட்டும் அடிவாரத்தில், அமெரிக்கன் ஆற்றின் தென்கிளைக் கரையில் இருக்கிறது கொலோமா. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வசித்தவர்கள் 529 பேர். 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர் மர அறுவை ஆலையின் வாய்க்காலில் தங்கத் துணுக்கைக் கண்டெடுத்தார் என்ற ஒரு செய்திக்காகவே இவ்வூர் வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அந்த ஒரு நாளின் வெளிச்சம் ஊரின் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது என்பது என் கருத்து. அந்த ஆற்றங்கரையில் யார் யார் குடியிருந்தார்கள், அரசின் கணக்கு அவர்களில் யாரை எண்ணியது, தங்கம் தீர்ந்த பிறகு யார் தங்கினார்கள் என்பதையே இக்கட்டுரை தேடுகிறது.

ஆலைக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. நிசெனான் பழங்குடியினர் அந்தப் பள்ளத்தாக்கில் ஆற்று மீனையும் ஓக் மரக்கொட்டையின் மாவையும் உண்டு வாழ்ந்தவர்கள். 1833இல் மலேரியா சமவெளிப் பழங்குடிகளை வாரிக்கொண்டு போயிற்று. 1839இல் சாக்ரமென்டோ பகுதிக்கு வந்து பெரும் பண்ணை அமைத்த சுவிஸ் நாட்டவரான ஜான் சட்டர், அதைப் பெருமளவு பழங்குடிகளின் உழைப்பைக் கொண்டே நடத்தினார். பண்ணைக்குப் பலகை தேவைப்பட்டது. மலையடியில் பைன் மரமும் ஓடும் நீரும் இருந்தன. 1847இல் சட்டரும் மார்ஷலும் கூட்டுச் சேர்ந்து ஆலை கட்டத் தொடங்கினார்கள். வாய்க்கால் வெட்டியவர்களில் பழங்குடிகளும் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட மோர்மன் மதத்தவரும் இருந்தனர். மார்ஷல் தங்கம் கண்ட தேதியை நாம் அறிவது அந்த மோர்மன் தொழிலாளர்களில் ஒருவரான ஹென்றி பிக்லர் எழுதிய நாட்குறிப்பால்தான்.

தங்கம் கண்டதும் சட்டர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்நிலத்தைக் குத்தகைக்குத் தந்ததாக நிசெனான் தலைவர்களோடு ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டது. ராணுவ ஆளுநர் ரிச்சர்ட் மேசன் அதை ஏற்க மறுத்தார். நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ பழங்குடிகளுக்கு உரிமை உண்டென்று அமெரிக்க அரசு ஒப்புக்கொள்ளாது என்பது அவர் சொன்ன காரணம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து இந்த மறுப்பில் இருக்கிறது. மண்ணின் மீது உரிமை இல்லாதவர் என்று ஆன பின், அவரை எண்ண வேண்டிய தேவையும் போய்விடுகிறது.

அதே மேசன் 1848 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை இன்னொரு செய்தியையும் தருகிறது. தங்கவயல்களில் அப்போது வேலை செய்த சுமார் 4,000 பேரில் பாதிக்கு மேல் பழங்குடிகள். தாடி வைத்த வெள்ளையர் தனியே ஆற்றுமணலை அலசும் படங்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றும். அந்த நிலை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1849இல் ஓரிகன் பகுதியிலிருந்து வந்த வெள்ளைச் சுரங்கக்காரர்கள் கொலோமாவைச் சுற்றியிருந்த பழங்குடிகளைத் தாக்கிக் கொன்றார்கள். தம்மிடம் வேலை செய்தவர்களைக் காக்க முயன்ற மார்ஷலும் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. 1850இல் மாநிலச் சட்டமன்றம், பழங்குடிகளைக் ‘காப்பதற்கு’ என்ற பெயரில், அவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக் கொடுக்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. கலிபோர்னியா முழுவதிலும் 1848இல் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த பழங்குடிகள் 1870இல் 30,000 அளவுக்குக் குறைந்தார்கள் என்று மக்கள்தொகை வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

1850இன் அமெரிக்கக் கணக்கெடுப்பு, கொலோமா அடங்கிய எல் டொராடோ மாவட்டத்தில் 20,057 பேரைக் காட்டுகிறது. வரி செலுத்தாத பழங்குடிகளை எண்ண வேண்டாம் என்பது கணக்கெடுப்பாளர்களுக்குத் தரப்பட்ட ஆணை. ஆகவே அந்த எண்ணை ‘மக்கள்தொகை’ என்று எடுத்தாளும் ஆய்வாளர் எவரும் அதன் அருகில் ஒரு குறிப்பு எழுதக் கடமைப்பட்டவர். 1860இல் 20,562, 1870இல் 10,309, 1920இல் 6,426. கொலோமாவின் இறக்கம் இதைவிட முந்தியது. மேல்மட்ட மணலில் எளிதாக எடுக்கக்கூடிய தங்கம் சில ஆண்டுகளிலேயே தீர்ந்தது. 1857இல் மாவட்டத் தலைமையிடமும் கொலோமாவிலிருந்து பிளாசர்வில்லுக்குப் போய்விட்டது.

வெள்ளையர் கைவிட்ட மணலைச் சீனர்கள் பொறுமையாக மறுபடி அலசினார்கள். வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வரி என்ற பெயரில் மாதந்தோறும் அவர்களிடம் பணம் பிடுங்கப்பட்டது. 1860இல் மாவட்டத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர் இருந்தனர். இன்று கொலோமாவில் எஞ்சியிருப்பவை மான் லீ, வா ஹோப் என்ற இரண்டு கடைகளின் கல் கட்டடங்கள் மட்டுமே.

தங்கியவர்களில் முக்கியமானவர் நான்சி கூச். மிசௌரியிலிருந்து அடிமையாக இங்கே கொண்டுவரப்பட்டவர். 1850இல் கலிபோர்னியா அடிமைமுறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தபோது விடுதலை பெற்றார். துணி வெளுத்தும் சமைத்தும் சேர்த்த பணத்தில், மிசௌரியில் விட்டு வந்த மகன் ஆண்ட்ரூ மன்ரோவையும் அவர் குடும்பத்தையும் 1870 வாக்கில் வரவழைத்தார். மன்ரோ குடும்பம் பழத்தோட்டம் போட்டது, நிலம் வாங்கியது. மார்ஷல் தங்கம் கண்ட இடமே அவர்கள் சொத்தாயிற்று. மார்ஷலோ 1885இல் வறுமையில் இறந்தார்.

1869இல் அருகிலுள்ள கோல்ட் ஹில்லில் ஜப்பானியர் சிலர் தேயிலையும் பட்டும் வளர்க்க வந்தனர். வகமாட்சு என்ற அந்தக் குடியேற்றம் இரண்டே ஆண்டில் கலைந்தது. அவர்களில் ஒருவரான ஓகெய் என்ற இளம்பெண்ணின் கல்லறை அங்கே இருக்கிறது. கலைந்தவர்களில் மசுமிசு குனினொசுகே என்பவர் அந்த வட்டாரத்திலேயே தங்கி ஒரு கறுப்பினப் பெண்ணை மணந்தார்.

1942இல் கொலோமாவில் மாநில வரலாற்றுப் பூங்கா அமைந்தது. அதே பத்தாண்டில் மன்ரோ குடும்பத்தின் நிலம் அரசின் கைக்குப் போயிற்று. இன்று ஊரின் பெரும்பகுதி பூங்காவுக்குள்தான். வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகளும் ஆற்றில் படகு விடுபவர்களும். மாவட்டம் 1860இன் எண்ணிக்கையைத் தாண்டியதைக் கணக்கெடுப்பு காட்டுவது நூறாண்டு கழித்து, 1960இல். 2020இல் மாவட்டத்தில் 1,91,185 பேர். சாக்ரமென்டோவுக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் மேற்கு விளிம்பில் குடியேறியது அதற்கு ஒரு பெரிய காரணம். கொலோமாவுக்கு அந்தக் கூட்டம் வரவில்லை.